இந்த மாதத் தலை

ஒரு திங்கட்கிழமை மாலை, ஊரிலேயே பெரிய கடையின் தரைத்தளத்தில், ஒரு பெண் தன் சொந்த மகளுக்குத் தான்தான் தாய் என்று நிரூபிக்க முடியாமல் இருபது நிமிடம் நின்றாள். அவளுக்குக் கொம்பு முளைத்திருக்கவில்லை. மூக்கும் முழியும் காலையில் இருந்தபடியேதான் இருந்தன. மதியம் தலைமுடி மாறியிருந்தது, அவ்வளவுதான்.

ஆறு வயது மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துக்கொண்டு நாத்தனார் அந்தக் கடைக்குச் செருப்பு வாங்கப் போயிருந்தாள். இவள் வேலை முடித்து நேராக அங்கே வந்து சேர்வதாக ஏற்பாடு. செருப்புக்கும் பைக்கும் நடுவில் எங்கேயோ குழந்தையின் கை நழுவிவிட்டது. நாத்தனார் மூன்றாவது மாடியில் பதறிக்கொண்டிருந்தபோது, குழந்தை சமர்த்தாகக் கீழே இறங்கி, காவல் மேசைக்கு வந்து, தான் தொலைந்துபோன செய்தியைத் தானே சொல்லிக்கொண்டிருந்தது. காவல்காரம்மா அம்மாவின் அடையாளம் கேட்டாள். "தோள் வரைக்கும் முடி. செம்பு கலர். சுருள் சுருளா இருக்கும்" என்றது குழந்தை. ஒலிபெருக்கியில் அறிவிப்பைக் கேட்டு ஓடி வந்தவளுக்கோ காதோடு நேராக வெட்டிய கறுகறு முடி, புருவத்தில் இடிக்கிற மாதிரி முன்னால் ஒரு திரை.

"பாப்பா சொன்ன அடையாளம் உங்களுக்கு ஒத்து வரலையேம்மா."

"இன்னைக்கு மத்தியானம்தாங்க மாத்தினேன்!"

"பிள்ளையைக் கூட்டிட்டுப் போக வர்றவங்க எதை வேணா சொல்லுவாங்க."

அடையாள அட்டையை நீட்டினாள். அதில் இருந்தவளுக்கு முதுகு வரை நீட்டி விட்ட பொன்னிற முடி. சரி என்று போனைத் திறந்து, குழந்தையோடு எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினாள். காட்டக் காட்ட நிலைமை மோசமானது.

"இது உங்க அக்காவா?"

"நான்தாங்க."

"இது?"

"அதுவும் நான்தாங்க."

காவல்காரம்மா குழந்தையைத் தன் நாற்காலிக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் தள்ளி நிறுத்தினாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அவள் வேலையை அவள் ஒழுங்காகச் செய்தாள்.

கடைசியில் நாத்தனார் மூச்சிரைக்க வந்து, "அய்யோ, இவங்க எங்க அண்ணிதாங்க!" என்று சத்தியம் செய்து, கையெழுத்துப் போட்டு, குழந்தையை மீட்டாள். எல்லாம் முடிந்தது. ஆனால் ஒன்று மட்டும் முடியவில்லை. இவள் ஓடி வந்து நின்ற அந்த முதல் நொடியில், நாற்காலிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த குழந்தையின் கண்ணில் அம்மாவைப் பார்க்கிற பார்வை இல்லை. கடைக்கு வந்த யாரோ ஒருத்தியைப் பார்க்கிற பார்வை. ஒரே ஒரு நொடிதான், அதற்குப் பிறகு "அம்மா!" என்று கத்திவிட்டது; அதற்குள் அந்த முழிப்பைக் காவல்காரம்மாவும் பார்த்திருந்தாள். அந்த ஒரு நொடியை இவள் வீட்டுக்கும் சுமந்துகொண்டு போனாள்.

மாதம் ஒரு தலை; அவள் வேலை அப்படிப்பட்டது. கடைத்தெருவில் கண்ணாடிக் கதவு போட்ட அழகு நிலையம் ஒன்றில் பதினொரு வருடமாக, வருகிறவர்களை வரவேற்கும் முன்மேசையில் இருக்கிறாள். அங்கே அவளுக்குப் பெயரே அதுதான்: "முன்மேசை, அடுத்தது யாரு?" "முன்மேசை, துண்டு காயலையா?" முதலாளியை எல்லோரும் அக்கா என்பார்கள். அந்த அக்கா தொடங்கிவைத்த வழக்கம் ஒன்று உண்டு. மாதத்தின் முதல் திங்கள் மதியம், சந்தைக்குப் புதிதாக வந்திருக்கும் வெட்டோ சாயமோ முன்மேசையின் தலையில் ஏறும். படம் எடுத்து வாசல் கண்ணாடியில் ஒட்டுவார்கள். கீழே 'இந்த மாதத் தலை' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். தெருவில் போகிறவர்கள் படத்தைப் பார்ப்பார்கள். கதவைத் தள்ளினால் அதே தலை மேசைக்குப் பின்னால் உயிரோடு உட்கார்ந்து, "வாங்க" என்று சிரிக்கும். பாதி வியாபாரம் அங்கேயே முடிந்துவிடும். ஆரம்பத்தில் இதில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை. ஓசியில் மாதம் ஒரு தலை கிடைத்தால் யாருக்குக் கசக்கும்?

இப்போது கசந்தது. அடுத்த முதல் திங்களுக்கு நான்கு வாரம் இருந்தது. இனி முடியாது என்று சொல்லிவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தாள். முடிவு செய்தது சுலபமாக இருந்தது. 'சரி, அப்ப உனக்கு என்ன வேணும்?' என்று திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தபோதுதான் மாட்டிக்கொண்டாள். தெரியவில்லை. தன் தலைக்கு எது பொருந்தும் என்று அவளுக்குத் துளிகூடத் தெரியவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அடுத்தவர் தலைக்கு எது பொருந்தும் என்று சொல்வதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அந்த வாரமே நீச்சல் சொல்லித்தரும் பெண் ஒருத்தி, பத்திரிகையில் கிழித்த படத்தோடு வந்தாள். படத்தில் இருந்தவளுக்கு அலை அலையாக முடி.

"காலையில தலைக்கு எவ்வளவு நேரம் செலவு பண்ணுவீங்க?" என்று கேட்டாள் முன்மேசை.

"கால் மணி நேரம்."

"உண்மையைச் சொல்லுங்க."

"...ரெண்டு நிமிஷம்."

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை தண்ணியில இறங்குவீங்க?"

"நாலு."

"அப்ப இந்த அலை உங்க தலையில ஒரு மணி நேரம்கூட நிக்காது. பின்னாடி குட்டையா, முன்னாடி காதுக்குப் பின்னால ஒதுக்குற அளவுக்கு நீளமா வெட்டிக்கோங்க. தலையை ஒரு உதறு உதறினா அதுவே உட்காரும்."

அந்தப் பெண் வெட்டிக்கொண்டு, கண்ணாடி முன்னால் தலையை ஒரு உதறு உதறினாள்; அதுவே உட்கார்ந்தது. போகும்போது இவள் தலையைக் காட்டி, "உங்களுக்கு இதை யாரு சொன்னாங்க?" என்று ஆசையாகக் கேட்டாள். இவள் சிரித்துவைத்தாள். உள்ளே எரிந்தது.

அதன்பிறகு அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பஸ் கண்ணாடியில் தலையைப் பார்த்தாள். கெண்டியின் வயிற்றில் பார்த்தாள். சூப் குடிக்கிற கரண்டியில்கூட தலைகீழாகப் பார்த்தாள். வகிடை இடப்பக்கம் எடுத்தாள், வலப்பக்கம் எடுத்தாள், எடுக்காமலே விட்டாள். முன்னால் தொங்கியதைக் கிளிப் போட்டுத் தூக்கினாள்; அரை மணியில் பிடுங்கிப் போட்டாள். எப்படி வைத்தாலும் ஏதோ ஒரு மாதத் தலையாகவே தெரிந்தது. சரக்குவண்டி ஓட்டிக்கொண்டு வெளியூரில் இருந்த கணவனைப் போனில் பிடித்து, "எனக்கு எந்தத் தலை நல்லா இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"உனக்கு எப்படி வச்சாலும் அழகுதான்."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுத்தான் சொல்றேன்."

அவர் பாவம், அன்பாகத்தான் சொன்னார். ஆனால் இவளுக்கு அது பதிலாகத் தெரியவில்லை, நழுவலாகத் தெரிந்தது. போனைப் பட்டென்று வைத்தாள்.

மேசையின் இழுப்பறையில் பதினொரு வருடத்துப் படங்களும் ஒரு தடித்த ஆல்பத்தில் இருந்தன. வாடிக்கையாளர்களுக்குக் காட்டுவதற்காக வைத்தது. கூட்டம் குறைந்த ஒரு மதியம் அதைத் தானே எடுத்துப் புரட்டினாள். நூற்று முப்பது தலைகள் இருக்கும். எதிலாவது தான் இருக்கிறோமா என்று தேடினாள். எல்லாவற்றிலும் ஒரே சிரிப்பு, ஒரே சாய்ந்த கழுத்து. கல்யாணத்துக்கு முந்தின மாதம், குழந்தை பிறந்த மாதம், அப்பா போன மாதம். எந்த மாதத்திலும் முகத்தில் அந்த மாதம் இல்லை, முடியில் மட்டும் இருந்தது. ஆல்பத்தை மூடியபோது அவளுக்கு அழுகை முட்டியது. யார் மேலாவது எரிந்து விழவேண்டும் போல இருந்தது. தலை கழுவும் பெண் துண்டு கேட்டு வந்து வாங்கிக்கட்டிக்கொண்டாள்.

அழகு நிலையத்தில் மூத்தவரான முடிவெட்டும் அண்ணனுக்கு 'மில்லிமீட்டர்' என்று பெயர். கேட்டதற்கு மேல் ஒரு நூல்கூட வெட்டமாட்டார், குறையவும் வெட்டமாட்டார். மூன்றாவது வாரம், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், அவர் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

"அண்ணே, எனக்கு எது பொருந்தும்?"

அவர் கத்தரியைத் துடைத்துக்கொண்டே, "நீ எல்லாரையும் கேப்பியே, அதையே உன்னைக் கேக்கட்டுமா?" என்றார். "காலையில தலைக்கு எவ்வளவு நேரம்?"

"பத்து நிமிஷம்."

"வர்றவங்க மாதிரியே பொய் சொல்றியே."

"...முக்கால் மணி நேரம். அக்கா சொன்ன மாதிரி நிக்கணுமே."

"வீட்டுக்குப் போனதும் தலையை என்ன பண்ணுவே?"

அவள் யோசிக்கவே இல்லை. "எல்லாத்தையும் அள்ளி உள்ள தள்ளி, துண்டை இறுக்கிக் கட்டிடுவேன். முகத்துல ஒண்ணும் படக்கூடாது. அப்பதான் எனக்கு மூச்சே வரும்."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவள் காதில் விழுந்தது. மில்லிமீட்டர் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார். பதினொரு வருடத்தில் அவள் தலையில் ஏறாத வெட்டு ஒன்றே ஒன்றுதான்: ஒட்ட வெட்டுவது. அக்கா அதற்கு ஒருநாளும் விட்டதில்லை. ஒட்ட வெட்டிவிட்டால் அடுத்த மாதம் வெட்ட என்ன இருக்கும்?

"அண்ணே, நிஜமாவே எனக்கு அதுதான் வேணுமா, இல்ல அக்கா விடமாட்டாங்கன்னு வீம்புக்குக் கேக்குறேனா?"

"அது எனக்குத் தெரியாதும்மா. எனக்கு அளவுதான் தெரியும். எவ்வளவுன்னு சொல்லு, வெட்டுறேன். ஆனா அக்காகிட்ட நீ சொல்லிடணும்."

அவள் நாற்காலியைவிட்டு எழுந்து ஓடிவிட்டாள். மிச்சமிருந்த ஒரு வாரமும் வேணும், வீம்பு, வேணும், வீம்பு என்று மனசு அலைபாய்ந்தது. அக்காவிடம் சொல்ல நாலு முறை போனாள். நாலு முறையும் ஷாம்பு தீர்ந்ததைப் பற்றிச் சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

முதல் திங்கள் வந்தது. படம் எடுப்பவர் விளக்கை நிறுத்தியிருந்தார். அக்கா ஊதா நிறச் சாயத்தைக் கிண்ணத்தில் குழைத்துக்கொண்டே, "வா வா, இந்த மாசம் உன் தலையைப் பார்த்து தெருவே நிக்கும்" என்றாள். முன்மேசை நாற்காலியில் உட்கார்ந்தாள். கழுத்தைச் சுற்றித் துணி கட்டினார்கள். அக்கா தூரிகையை எடுத்தாள்.

"அக்கா, வேண்டாம்."

"ஊதா பிடிக்கலையா? பச்சை இருக்கு."

"எதுவுமே வேண்டாம்க்கா. எனக்கு ஒட்ட வெட்டிடுங்க."

அக்கா சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "என்னடி ஆச்சு உனக்கு?"

அப்போதுதான் சொன்னாள், அந்தப் பெரிய கடையில் நடந்ததை, காவல்காரம்மாவை, அந்த ஒரு நொடியை. ஒரு மாதமாக இங்கே யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது எல்லாம் கொட்டிவிட்டது. அக்கா தூரிகையைக் கிண்ணத்திலேயே வைத்தாள். அவளும் இரண்டு பிள்ளை பெற்றவள்தான்.

"என்கிட்ட ஏண்டி சொல்லல?" என்றாள் மெல்ல. "சரி, விடு. இனிமே மாத்த வேண்டாம். இப்ப இருக்கிறதையே வச்சுக்கோ, அழகா இருக்கு. அதுக்கு எதுக்கு ஒட்ட வெட்டணும்?"

நியாயமான பேச்சு. "இது நீங்க தேர்ந்தெடுத்ததுக்கா" என்று மட்டும் சொன்னாள்.

"அதனால என்ன? உன் முகவெட்டுக்கு ஒட்ட வெட்டினா எடுக்காது. பெரிய நெத்தி உனக்கு, காது வேற எடுப்பா இருக்கும். உனக்கே தெரியாதா?"

தெரியும். அது நன்றாகத் தெரிந்ததுதான் ஆத்திரம். மில்லிமீட்டர் சுவரோடு சுவராக நின்றார். அக்கா சொல்லாமல் அவர் கை நீளாது. படக்காரர் விளக்கைப் பார்த்தார். இன்னும் ஒரு நிமிடம் போனால் தான் சரி என்று தலையாட்டிவிடுவோம், இதே தலையோடு இன்னொரு பதினொரு வருடம் இருந்துவிடுவோம் என்று அவளுக்குப் பயமாக இருந்தது. கையை நீட்டி, பக்கத்து மேசையிலிருந்த, ஒட்ட வெட்டும் மெஷினை எடுத்தாள். விசையைத் தள்ளினாள். நெற்றியிலிருந்து உச்சி வரைக்கும் ஒரே இழுப்பு.

"சீப்பு! சீப்பு மாட்டலை!" என்று மில்லிமீட்டர் அலறினார்.

பதினொரு வருடம், ஆயிரக்கணக்கான தலைகளை அவள் பார்த்திருக்கிறாள். மெஷினை ஒருநாளும் கையில் எடுத்ததில்லை. எவ்வளவு முடி மிஞ்ச வேண்டுமோ அதற்குத் தக்க ஒரு பிளாஸ்டிக் சீப்பை மெஷினின் முனையில் மாட்டவேண்டும் என்று தெரியும். இது மாட்டியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும் என்று தோன்றவில்லை. தலையின் நடுவில் தோல் தெரிய ஒரு பாதை போட்டிருந்தாள். கண்ணாடியில் அதைப் பார்த்த தலை கழுவும் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இனி வாதாட ஒன்றும் இல்லை. மில்லிமீட்டர் வந்து, மெஷினைப் பிடுங்கி, மிச்சத்தை அந்தப் பாதைக்குச் சமமாகக் கொண்டுவந்தார். அவர் வாழ்க்கையிலேயே அளவு கேட்காமல் வெட்டிய தலை அதுதான்.

துணியை உதறியதும் அவள் தன்னைப் பார்த்தாள். தொழில்காரியின் கண் முதலில் பேசியது: நெற்றி மைதானம், காது இரண்டும் கைப்பிடி. பொருந்தவே இல்லை.

"சொன்னேன்ல?" என்றாள் அக்கா.

"ஆமாக்கா. பொருந்தல." சொல்லும்போது அவளுக்கே வியப்பாக இருந்தது, சிரிப்பு வந்தது. படத்துக்குச் சிரிக்கிற சிரிப்பு இல்லை அது. முகத்தில் ஒன்றும் படவில்லை. காற்று தலையைத் தொட்டது. ஒரு மாதமாகக் குடைந்த குடைச்சல் இறங்கியது. வீம்போ விருப்பமோ, இனி அதை யோசிக்க வேண்டியதில்லை.

"இந்தத் தலையோட முன்னாடி உட்காரப் போறியா?"

"நீங்க வேண்டாம்னா பின்னாடி போறேன். ஆனா வர்றவங்களுக்கு எது பொருந்தும்னு யாரு சொல்லுவாங்க?"

அக்கா ஊதாச் சாயத்தைத் தொட்டியில் கொட்டினாள். முன்மேசை போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். உள்ளே வந்த முதல் அம்மாள் இவளைப் பார்த்துப் பதறி, "உடம்புக்கு என்னம்மா?" என்றாள். "நல்லா இருக்கேங்க. உட்காருங்க" என்று சொல்லிவிட்டு நேரம் பார்த்தாள். மூன்றரை. பள்ளி விடப்போகிற நேரம்; இன்றைக்கு அழைத்துவரப் போகவேண்டியவள் இவள்தான்.

அப்போதுதான் உறைத்தது. காலையில் குழந்தையைப் பள்ளி வாசலில் விட்டவள் காதோரம் கறுப்பு முடி வைத்திருந்தவள். இப்போது போகிறவள் வேறு. ஒரு மாதமாக எதற்காகத் தவித்தாளோ, அதையே, இன்னொரு முதல் திங்களில், அதே போலச் செய்துவைத்திருக்கிறாள். குழந்தையிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். பஸ்ஸுக்கு நிற்கப் பொறுக்கவில்லை. மூன்று நிறுத்தமும் ஓட்டமும் நடையுமாகவே போனாள். வேர்வை தடுக்க முடி இல்லாமல் நேராகக் கண்ணில் இறங்கியது.

அந்தப் பள்ளியில், அழைத்துப்போக வந்தவரைக் காட்டி "இது யாரு?" என்று கேட்டு, குழந்தை தன் வாயால் சொன்ன பிறகுதான் வெளியே விடுவார்கள். வாசலில் டீச்சர் இவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு குனிந்து குழந்தையிடம் கேட்டார்.

குழந்தை நிமிர்ந்து பார்த்தது. கூப்பிட வாயெடுத்த இவள் நிறுத்திக்கொண்டாள். குரலை வைத்துக் கண்டுபிடித்துவிடும். இதைத் தெரிந்துகொள்ளாமல் அவளால் வீட்டுக்குப் போக முடியாது.

"எங்க அம்மாதான்" என்றது குழந்தை, கோபமாக. "தலையை மாத்திட்டாங்க. என்கிட்ட சொல்லவே இல்ல."

டீச்சர் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டார். குழந்தை சிரிக்கவில்லை. கையைப் பிடிக்காமல் கொஞ்ச தூரம் தனியாக நடந்தது. தெருமுனையில் நின்றது.

"அன்னைக்கும் நீ சொல்லல."

"ஆமாம்மா. சொல்லல. தப்பு பண்ணிட்டேன்."

"நான் தப்பா சொல்லிட்டேன்ல? காவல்காரம்மாகிட்ட? நான் தப்பா சொன்னதாலதானே அவங்க உன்னைத் திட்டினாங்க?"

ஒரு மாதமாக அந்த ஒரு நொடியைச் சுமந்தவளுக்கு, குழந்தை எதைச் சுமக்கிறது என்று கேட்கத் தோன்றியிருக்கவில்லை. நடைபாதையிலேயே உட்கார்ந்து அதன் இரண்டு தோளையும் பிடித்தாள். கண்ணில் நீர் கொட்டியது, போகிறவர்கள் பார்த்தார்கள்.

"நீ சரியாத்தான் சொன்னே. காலையில நீ பார்த்த அம்மாவை அப்படியே சொன்னே, ஒரு எழுத்து பிசகாம சொன்னே. நான்தாண்டி உன்கிட்ட சொல்லாம வேற ஆளா வந்து நின்னேன்."

"நிஜமா?"

"நிஜமா. இனிமே யாரும் என் தலையை மாத்த மாட்டாங்க. நான் மாத்தினாலும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் மாத்துவேன்."

குழந்தை அவள் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தது. நெற்றியைப் பார்த்தது, ஒரு காதைப் பார்த்தது, தலையைத் திருப்பி இன்னொரு காதைப் பார்த்தது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தூக்கச் சொல்லி இரண்டு கையையும் நீட்டியது. தூக்குகிற வயதெல்லாம் தாண்டிவிட்டது, கனமாகத்தான் இருந்தது. வீடு வரைக்கும் இறக்கிவிடாமல் நடந்தாள்.